கல்லூரி ஆபீஸ் வேலைக்கும் ஒரு எம்.ஏ! - வேலையை விடாமல் படிக்க ஒரு வழி

ஒரு கல்லூரியில் முதல்வர் மாறுவார். துறைத்தலைவர்கள் மாறுவார்கள். நிர்வாகக் குழுகூட மாறும். அவ்வளவு சீக்கிரம் மாறாமல் இருப்பது ஆபீஸ்தான். 20 வருடங்களுக்கு முன்பு வந்த இணைவு ஆணை எந்த பீரோவில் இருக்கிறது, ஸ்காலர்ஷிப் பட்டியலை எந்தத் தேதிக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும், டி.சி-யில் அப்பா பெயரில் ஓர் எழுத்து தவறினால் எங்கே போய்த் திருத்த வேண்டும்... இதெல்லாம் அங்கே இருக்கும் இரண்டு மூன்று பேருக்குத்தான் தெரியும். மாணவர்களுக்கு அவர்கள் ‘ஆபீஸ் அக்கா’. இல்லையென்றால் ‘சூப்பிரண்டன்ட் சார்’.

அவர்களுக்கு இந்த வேலையை யார் கற்றுக்கொடுத்தார்கள்? பெரும்பாலும் பக்கத்து மேஜையில் இருந்த சீனியர்தான். பி.காம் முடித்து இளநிலை உதவியாளராகவோ தட்டச்சராகவோ சேர்ந்து, பழைய ஃபைலைப் பார்த்துப் புது ஃபைலை எழுதி, அப்படியே கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். 300 மாணவர்கள், நான்கு லெட்ஜர், ஒரு தட்டச்சு இயந்திரம் என்று இருந்த காலத்தில் அது போதுமானதாக இருந்தது. இன்று போதவில்லை.

நாக் தர மதிப்பீடு, என்.ஐ.ஆர்.எஃப் தரவரிசை, ஆண்டுதோறும் மத்திய அரசுக்குப் போகும் உயர்கல்விக் கணக்கெடுப்பு, மாணவர்களின் கிரெடிட் வங்கிக் கணக்கு, உதவித்தொகைத் தளங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்வேர்டு, ஒரு கடைசித் தேதி. இவற்றுக்குப் பின்னால் இருக்கும் சட்டம் என்ன, இந்தத் தகவலை எதற்காகக் கேட்கிறார்கள் என்பது தெரியாமலேயே பலர் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வேலையை முறையாகக் கற்றுக்கொள்ளவும் ஒரு படிப்பு இருக்கிறது. வேலையை விடாமல், தொலைநிலைக் கல்வியிலேயே முதுகலைப் பட்டம் வரை போகலாம். ஆனால், அதில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதைத் தெரிந்துகொண்டு சேர்வது முக்கியம்.

ஒரு நாள் தள்ளிப்போனால் யாருக்கு நஷ்டம்?

‘ஆபீஸ் வேலைதானே, இதற்கு எதற்குத் தனிப் படிப்பு?’ என்று கேட்கலாம். ஆபீஸில் நடக்கும் ஒரு தவறு எங்கே போய் விழுகிறது என்று பார்த்தால் பதில் புரியும்.

தமிழ்நாடு அரசின் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டு உயர்கல்விக்கு வரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய். பணம் நேராக அவர் வங்கிக் கணக்குக்குப் போகும். ஆனால், அவர் பெயரும் விவரமும் சரியாகப் பதிவாக வேண்டிய இடம் கல்லூரி. அங்கே ஆதார் எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால், சரிபார்ப்புத் தேதி தவறினால், கிராமத்திலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு பெண்ணின் பஸ் செலவும் மதியச் சாப்பாடும் நிற்கும்.

இன்னோர் உதாரணம். வேறு கல்லூரியில் இடம் கிடைத்து ஒரு மாணவர் விலக நினைக்கிறார். ‘மூன்று வருட ஃபீஸையும் கட்டினால்தான் ஒரிஜினல் சர்டிஃபிகேட்’ என்று கவுன்ட்டரில் பதில் வருகிறது. அசல் சான்றிதழ்களைச் சேர்க்கையின்போது சரிபார்த்துவிட்டு மாணவரிடமே திருப்பித் தர வேண்டும், கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது, விலகுபவருக்குக் கட்டணத்தை எப்படித் திருப்ப வேண்டும் என்றெல்லாம் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி 2018-லேயே அறிவித்திருக்கிறது. கவுன்ட்டரில் இருப்பவருக்கு அது தெரிந்திருந்தால், மேலிடத்திடம் அதை எடுத்துச்சொல்லவும் தெரிந்திருந்தால், ஒரு குடும்பம் வட்டிக்குக் கடன் வாங்க வேண்டியிருக்காது.

நிர்வாகம் என்பது காகித வேலை மட்டுமல்ல. ஒரு மாணவரின் ஒரு வருடம், சில நேரம் அவர் படிப்பே, அந்தக் காகிதத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். இந்தப் படிப்பின் உண்மையான மதிப்பும் அங்கேதான் இருக்கிறது.

இப்படியும் ஒரு துறை இருக்கிறதா?

அமெரிக்காவில் ‘உயர்கல்வி நிர்வாகம்’ என்பது நன்றாக வேரூன்றிய தனித்துறை. மாணவர் சேர்க்கை, விடுதி, உதவித்தொகை, மாணவர் நலன் போன்ற அலுவலகங்களில் பணியாற்ற விரும்புகிறவர்கள் அதற்கென்றே முதுகலை படிக்கிறார்கள்.

நம் நாட்டில் இதன் தொடக்கம் டெல்லியில். ஆசிய நாடுகளின் கல்வித் திட்டமிடுநர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் பயிற்சி தர, யுனெஸ்கோ துணையுடன் 1962-ல் அங்கே ஒரு மையம் தொடங்கப்பட்டது. பல பெயர் மாற்றங்களுக்குப் பிறகு அதுதான் இன்று ‘நீபா’ என்று அழைக்கப்படும் தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனம். 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து பெற்றது. ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற இடம். ஆனால், குடும்பத்தையும் வேலையையும் விட்டுவிட்டு டெல்லியில் போய்த் தங்க எத்தனை பேரால் முடியும்?

முடியாதவர்களுக்கான வழிதான் தொலைநிலைக் கல்வி. இந்தியாவில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-ல் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரை 1971-லும், அண்ணாமலை 1979-லும், சென்னை 1981-லும் அந்த வழிக்கு வந்தன. 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது ‘இக்னோ’ பிறந்தது. அது 1987-ல் வெறும் இரண்டே படிப்புகளுடன், 4,528 மாணவர்களுடன் பாடம் நடத்தத் தொடங்கியது. ஒன்று மேலாண்மை டிப்ளமோ. மற்றொன்று தொலைநிலைக் கல்வி பற்றிய டிப்ளமோ. கல்வியை எப்படி நடத்துவது என்பதே ஒரு பாடம்தான் என்று முதல் நாளிலேயே ஒப்புக்கொண்ட பல்கலைக்கழகம் அது.

2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 1,168 பல்கலைக்கழகங்களும் 45,473 கல்லூரிகளும் இருந்தன. படித்தவர்கள் 4.33 கோடிப் பேர். 18 முதல் 23 வயது வரையிலானவர்களை வைத்துக் கணக்கிடும் மாணவர் சேர்க்கை விகிதம், தேசிய அளவில் 28.4, தமிழ்நாட்டில் 47. இவ்வளவு பேரைச் சேர்த்து, தேர்வு நடத்தி, பட்டம் கொடுத்து அனுப்பும் இயந்திரத்தை இயக்குபவர்களில் எத்தனை பேர் அதற்கான பயிற்சி பெற்றவர்கள் என்று யோசித்தால், இந்தப் படிப்பின் தேவை புரியும்.

எந்தப் படிப்பு, எங்கே?

இந்தியாவில் ‘உயர்கல்வி நிர்வாகம்’ என்ற பெயரிலேயே தொலைநிலைப் பட்டம் தேடினால் அகப்படுவது கடினம். வேறு பெயர்களில் இருக்கிறது. இக்னோவில் இருக்கும் வழிகளைப் பார்த்தால் இது தெளிவாகும்.

முதல் வழி, எம்.ஏ கல்வியியல். ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும், பி.எட் கட்டாயமில்லை. குறைந்தது 2 வருடங்கள், அதிகபட்சம் 4 வருடங்கள். முதலில் கல்வியின் நோக்கம், கற்றலின் உளவியல், சமூகப் பின்னணி, ஆராய்ச்சி முறை போன்ற பொதுப் பாடங்கள். பிறகு ஒரு சிறப்புப் பிரிவு. அந்தப் பட்டியலில் உயர்கல்வி, கல்வி மேலாண்மை இரண்டும் உண்டு. கல்லூரியின் உள்ளும் புறமும் தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு முதலாவது. பள்ளி, கல்லூரி எதுவானாலும் நிர்வாகமே முக்கியம் என்பவருக்கு இரண்டாவது.

இரண்டாவது வழி, கல்வி மேலாண்மை மற்றும் நிர்வாகத்தில் முதுநிலை டிப்ளமோ. இதையும் எந்தப் பட்டதாரியும் படிக்கலாம். ஒரு வருடத்தில் முடிக்க முடிகிற படிப்பு. ‘இரண்டு வருடம் தாக்குப்பிடிப்பேனா?’ என்று தயங்குபவர்கள் இதில் கால் நனைத்துப் பார்க்கலாம்.

மூன்றாவது, உயர்கல்வியில் முதுநிலை டிப்ளமோ. இது கல்லூரி ஆசிரியர்களை மனதில் வைத்து அமைக்கப்பட்டது. திடீரென்று துறைத்தலைவர் நாற்காலியிலோ, கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவிலோ உட்கார வேண்டிய பேராசிரியர்களுக்கு ஏற்றது.

ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டு சேர்க்கைப் பருவங்கள். எல்லாப் பாடப்பிரிவும் எல்லாப் பருவத்திலும் இருக்கும் என்று சொல்ல முடியாது என்பதால், அந்தந்தப் பருவத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சென்னையிலும் மதுரையிலும் இக்னோ மண்டல மையங்கள் உள்ளன.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். எம்.ஏ கல்வியியல் படிப்புக்குத் தமிழ் வழி கிடையாது. ஆங்கிலம் அல்லது இந்தி. தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு இது முதல் மாதத்தில் மலைப்பாக இருக்கும். ஆனால், கல்லூரி ஆபீஸுக்கு வரும் சுற்றறிக்கைகளையும் ஆணைகளையும் வருடக்கணக்கில் ஆங்கிலத்தில் படித்துப் பழகியவர்களுக்கு, இந்தப் புத்தகங்களின் மொழி அத்தனை அந்நியமாகத் தெரியாது.

உள்ளே என்ன இருக்கும்?

ராதாகிருஷ்ணன் குழு 1948-49-ல் பல்கலைக்கழகங்களைப் பற்றி என்ன சொன்னது, 1964-66 கோத்தாரி குழு என்ன சொன்னது என்பதிலிருந்து கதை தொடங்கும். தேர்வுக்குப் படிக்கும்போது அது வரலாறாகத் தெரியும். ஆனால், கொஞ்சம் யோசித்தால் அன்றாட வேலையோடு ஒட்டிக்கொள்ளும். ‘நல்ல கல்லூரிகளுக்குத் தன்னாட்சி கொடுங்கள்’ என்று கோத்தாரி குழு பரிந்துரைத்தது. அதன் தொடர்ச்சியாக 1978-ல் தமிழ்நாட்டில் சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்றன. நாட்டிலேயே முன்னோடிகள் அவை. இன்று ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் வினாத்தாள் அச்சடிப்பதிலிருந்து மதிப்பெண் பட்டியல் தருவது வரை வேலைபார்க்கும் தேர்வுப் பிரிவு ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு விடை அங்கே கிடைக்கும்.

அடுத்து அமைப்பும் சட்டமும். 1956 யு.ஜி.சி சட்டத்தின் 2(எஃப்), 12(பி) என்ற இரண்டு பிரிவுகளைக் கேள்விப்படாத கல்லூரி ஆபீஸே இருக்காது. முதலாவது ஒரு கல்லூரியை யு.ஜி.சி அங்கீகரிப்பதற்கு; இரண்டாவது அந்தக் கல்லூரி மத்திய நிதி பெறும் தகுதிக்கு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு புரிந்தவர், எந்த நிதிக்கு விண்ணப்பிக்கலாம், எதற்கு விண்ணப்பித்தால் வீண் வேலை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவார்.

பிறகு நிதி. அரசு மானியம் எப்படிக் கணக்கிடப்படுகிறது, ஒரு மாணவருக்கு ஆகும் செலவு என்ன, கட்டணத்தை உயர்த்தினால் யார் வெளியே போவார்கள் என்ற கேள்விகள் இங்கே வரும். அடுத்து அலுவலக உளவியல். இரண்டு துறைகளுக்குள் சண்டை வந்தால் என்ன செய்வது, கீழே இருப்பவர்களை எப்படி வேலை செய்யவைப்பது, முடிவுகளை எப்படி எடுப்பது... குடும்பம் நடத்தியவர்களுக்கு இந்தப் பாடம் கொஞ்சம் சுலபமாகவே இருக்கும்.

கடைசியாகத் தரம். 1994-ல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட நாக் அமைப்பு, கல்லூரிகளை மதிப்பிட வகுத்த ஏழு அளவுகோல்களில் ஒன்று ‘ஆளுகை, தலைமை, மேலாண்மை’. ஆண்டு அறிக்கைக்காக மார்ச் மாதம் ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து புகைப்படங்களுக்குத் தேதி போடும் வேலைக்குப் பின்னால் ஒரு தத்துவம் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியவரும். அது தெரிந்த பிறகு அந்தப் புகைப்படங்களை வருடம் முழுக்க, அன்றன்றே தேதி போட்டு வைப்பீர்கள்!

படிப்பது எப்படி நடக்கும்?

தினமும் வகுப்பு இல்லை. புத்தகம் வீட்டுக்கு வரும்; மின்நூலாகவும் பெற்றுக்கொள்ளலாம். ஆலோசனை வகுப்புகள் பெரும்பாலும் வார இறுதிகளிலோ இணையத்திலோ நடக்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒப்படைப்பு எழுதித் தர வேண்டும். பிறகு ஜூன், டிசம்பரில் பருவத் தேர்வு. மதிப்பெண்ணில் ஒப்படைப்புக்கு 30 சதவிகிதம், தேர்வுக்கு 70 சதவிகிதம்.

இதில் பலர் சறுக்குவது தேர்வில் அல்ல, ஒப்படைப்பில். கடைசித் தேதிக்கு முந்தின ராத்திரி யாரோ எழுதியதைப் பார்த்து எழுதுவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. கடைகளிலும் இணையத்திலும் ‘ரெடிமேட் ஒப்படைப்பு’ விற்கிறார்கள். இந்தப் படிப்பில் அது இரட்டை நஷ்டம். கேள்விகள் பெரும்பாலும் ‘உங்கள் நிறுவனத்தில் இது எப்படி நடக்கிறது, எப்படி மாற்றுவீர்கள்?’ என்ற வகையில் வரும். வேறு யாரோ எழுதிய பதிலில் உங்கள் கல்லூரி இருக்காது.

சேருவதற்கு முன்பே பாடம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. இக்னோ தன் பாடப்புத்தகங்களை ‘இ-ஞான்கோஷ்’ என்ற தளத்தில் வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். உயர்கல்வித் திட்டமிடலும் மேலாண்மையும் பற்றிய புத்தகத்தில் நான்கு பாடங்களைப் போனிலேயே படித்துப் பாருங்கள். ‘அட, இது நம்ம ஆபீஸ் கதையாச்சே’ என்று தோன்றினால் சேரலாம். நான்கு பக்கத்துக்குள் தூக்கம் வந்தால், பணமும் மிச்சம், இரண்டு வருடமும் மிச்சம்.

தடுக்கி விழும் இடம் இதுதான்

எழுத்துத் தேர்வுகள் எல்லாம் முடித்துவிட்டு, ஆய்வறிக்கையில் நின்றுவிடுகிறவர்கள் உண்டு. தலைப்பு தேர்ந்தெடுத்து, தகுதியுள்ள ஒரு வழிகாட்டியைப் பிடித்து, முன்வரைவுக்கு ஒப்புதல் வாங்கி, தகவல் திரட்டி எழுதி முடிக்க வேண்டும். வழிகாட்டியைக் கடைசி வருடத்தில் தேடினால் காலம் கைநழுவும். முதல் வருடத்திலேயே பேசி வைத்துவிடுவது நல்லது.

தலைப்பு விஷயத்தில் கல்லூரி ஊழியர்களுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. ஊரெல்லாம் கேள்வித்தாள் கொடுத்து அலைய வேண்டாம்; கேள்வியும் விடையும் அவர்கள் மேஜைமேலேயே இருக்கின்றன. முதலாம் ஆண்டில் சேர்ந்தவர்களில் இரண்டாம் ஆண்டுக்கு வராமல் போனவர்கள் யார், ஏன்? உதவித்தொகை விண்ணப்பங்கள் எந்தக் காரணத்தால் அதிகம் திரும்பி வருகின்றன? ஒரு டி.சி கேட்டு விண்ணப்பித்த நாளிலிருந்து கையில் கிடைக்கும் நாள் வரை எத்தனை மேஜைகளைத் தாண்டுகிறது? நிர்வாகத்திடம் எழுத்துபூர்வமாக அனுமதி வாங்கி, மாணவர் பெயர்களை வெளியிடாமல் இவற்றை ஆராயலாம். பட்டத்துக்கு ஒரு அறிக்கை ஆயிற்று. கல்லூரிக்கும் ஒரு தீர்வு ஆயிற்று.

இந்தப் பட்டம் செல்லுமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. யு.ஜி.சி அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில், அனுமதிக்கப்பட்ட படிப்பை, தொலைநிலையிலோ ஆன்லைனிலோ முடித்தால், அந்தப் பட்டம் நேரடியாகக் கல்லூரிக்குப் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம். 2020 விதிமுறைகளில் இது இருக்கிறது. 2022 செப்டம்பரில் யு.ஜி.சி மறுபடியும் தெளிவுபடுத்தியது. ஒரே நேரத்தில் இரண்டு படிப்புகள் படிக்கவும் 2022 முதல் அனுமதி உண்டு.

ஆனால், ‘அங்கீகாரம் பெற்ற’, ‘அனுமதிக்கப்பட்ட’ என்ற இரண்டு வார்த்தைகளில்தான் எல்லாம் இருக்கிறது. அதைக் கவனிக்காமல் விட்டதால் வாழ்க்கையையே நீதிமன்றத்தில் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள்.

இளங்கலை படிக்காமல், திறந்தநிலை முறையில் நேராக எம்.ஏ வாங்கும் வழக்கம் ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் பரவலாக இருந்தது. இங்கிருந்து போன ஒரு வழக்கில், அடிப்படைப் பட்டம் இல்லாமல் பெற்ற அத்தகைய முதுகலைப் பட்டம் செல்லாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017-ல் இன்னொரு தீர்ப்பு. உரிய அனுமதி இல்லாமல் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்களில், 2001-05 காலத்தில் சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டு, தனித் தேர்வு எழுதித் தேற வேண்டும் என்று உத்தரவானது. அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின. அந்தப் பட்டத்தை நம்பி வேலையில் சேர்ந்து, கல்யாணம் செய்து, வீட்டுக்கடன் வாங்கியவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

அதனால், சேரும் முன் யு.ஜி.சி-யின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்துக்குப் போங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. நீங்கள் சேரும் கல்வியாண்டில், நீங்கள் சேரும் அதே படிப்பின் பெயர் அங்கே இருக்க வேண்டும். 2024 முதல் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் சேரும் மாணவர்கள் அந்தத் தளத்திலேயே பதிவு செய்து தங்களுக்கென ஓர் அடையாள எண் பெற வேண்டும். ‘அதெல்லாம் வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று யாராவது சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது?

முதலில், கிடைக்காதவை.

எம்.ஏ கல்வியியல் என்பது பி.எட்-டுக்கு மாற்று அல்ல. இதை மட்டும் வைத்துக்கொண்டு பள்ளி ஆசிரியர் பணிக்குப் போக முடியாது. எம்.எட்-டும் இதுவும் ஒன்றல்ல. பட்டம் கைக்கு வந்த மறுநாளே பதவி உயர்வு வரும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளின் அலுவலகப் பணிகளில் பதவி உயர்வு பெரும்பாலும் பணிமூப்பையும் துறைத் தேர்வுகளையும் பொறுத்தது. தனியார் கல்லூரிகளில் அது நிர்வாகத்தின் மனதைப் பொறுத்தது.

இனி, கிடைப்பவை.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் உதவிப் பதிவாளர் பணிக்கு வரும் அறிவிப்புகளைப் பாருங்கள். பொதுவாகக் கேட்கப்படும் கல்வித்தகுதி, குறைந்தது 55 சதவிகித மதிப்பெண்ணுடன் ஏதேனும் ஒரு முதுகலைப் பட்டம். கல்வி நிர்வாகத்தில்தான் இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. ஆனால், அந்தப் பணிக்கான எழுத்துத் தேர்விலும் நேர்முகத்திலும் வரும் யு.ஜி.சி விதிகள், நிதி, அலுவலக நடைமுறை போன்றவை, இந்தப் படிப்பைப் படித்தவருக்குப் புதிதல்ல. வயது வரம்பு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். அந்த 55 சதவிகிதத்தை முதல் பருவத்திலிருந்தே மனதில் வையுங்கள். ‘பாஸானால் போதும்’ என்று 50-ல் முடித்துவிட்டுப் பின்னால் வருந்துகிறவர்கள் உண்டு.

கற்பிக்கும் ஆசை இருப்பவர்கள், இதே 55 சதவிகிதத்துடன் கல்வியியல் பாடத்தில் நெட் தேர்வு எழுதலாம். ஆராய்ச்சிப் படிப்புக்கும் வழி திறக்கும். தனியார் பல்கலைக்கழகங்களின் சேர்க்கை, தேர்வு, தர உறுதிப் பிரிவுகளில் அனுபவமும் பட்டமும் சேர்ந்தவருக்கு நிச்சயம் மதிப்பு உண்டு. அனுபவம் இல்லாமல் பட்டம் மட்டும் இருந்தால் அந்த அளவுக்கு இல்லை. அதனால், இப்போதுதான் டிகிரி முடித்த பிள்ளைகளைவிட, ஏற்கெனவே ஒரு கல்வி நிறுவனத்தில் ஐந்தாறு வருடங்கள் இருப்பவர்களுக்கே இது அதிகம் பொருந்தும்.

இன்னொன்றும் கிடைக்கும். கூட்டத்தில் ‘இதை இப்படித்தான் செய்துவருகிறோம்’ என்று சொல்பவருக்கும், ‘விதி இதைச் சொல்கிறது, இதற்குக் காரணம் இது’ என்று சொல்பவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாமவரின் வார்த்தையைத் தாளாளரும் கேட்பார். தணிக்கைக்கு வருபவரும் கேட்பார்.

வீட்டுக் கணக்கு

கல்லூரி ஆபீஸில் வேலை செய்யும் பெண்களுக்குக் காலை ஐந்தரைக்குத் தொடங்கும் நாள் ராத்திரி பத்துக்கு முடியும். அதில் படிப்புக்கு எங்கே நேரம்? ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கிடைத்தாலும் போதும், ஆனால் அது தினமும் கிடைக்க வேண்டும். மதிய உணவு இடைவேளையில் பாதி, பஸ்ஸில் பாதி என்று பிரித்துக்கொள்ளலாம்.

நாள்காட்டிதான் கொஞ்சம் முரண்டுபிடிக்கும். ஜூன் மாதம் உங்களுக்குத் தேர்வு. அதே மாதம்தான் கல்லூரியில் சேர்க்கை. கவுன்ட்டரில் கூட்டம் அலைமோதும்போது விடுப்பு கேட்க வாய் வராது. இந்தத் துறைக்காரர்கள் ஜூனில் குறைவான தாள்களும் டிசம்பரில் அதிகமான தாள்களும் எழுதத் திட்டமிடுவது புத்திசாலித்தனம். 4 வருடம் வரை அவகாசம் இருப்பது இதற்காகத்தான். நிதானமாக முடித்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

குடும்பத்திலும் பேசிவிடுங்கள். ஒப்படைப்பு எழுதும் ஞாயிற்றுக்கிழமைகளில் சமையல் யார், பிள்ளைகளின் டியூஷனுக்குக் கூட்டிப்போவது யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், பாதி பாரம் இறங்கிவிடும்.

பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

* யு.ஜி.சி தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில், இந்தக் கல்வியாண்டுக்கு, இதே படிப்புக்கு அனுமதி இருக்கிறதா?

* 10, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் முறையாகப் படித்திருக்கிறீர்களா? அரசுப் பணிக்கு இந்த வரிசை முக்கியம்.

* அரசு அல்லது அரசு உதவிபெறும் கல்லூரி ஊழியரா? சேரும் முன்பே அனுமதிக் கடிதம் வாங்கி, முடித்த பின் பணிப்பதிவேட்டில் பதிவு செய்யுங்கள். பின்னால் கேட்டால் சிக்கல் வரும்.

* சேர்க்கைக் கட்டணம் மட்டும்தானா? தேர்வுக் கட்டணம் ஒவ்வொரு தாளுக்கும் தனி. ஆய்வறிக்கை அச்சு, பயணச் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

* தேர்வு மையம் எங்கே? பஸ்ஸில் போய்வரும் தூரமா?

* மாநிலப் பல்கலைக்கழகம் என்றால், அதன் எல்லைக்கு வெளியே படிப்பு மையம் நடத்துகிறதா? அது விதிமீறல், விலகிவிடுங்கள்.

* ‘ஒரே வருடத்தில் எம்.ஏ’, ‘தேர்வுக்கு வர வேண்டாம்’, ‘பழைய தேதியில் தருகிறோம்’ என்று சொல்லும் ஏஜென்ட்டுகளிடம் பேசவே வேண்டாம்.

* வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் பட்டமா? இந்தியாவில் அதற்குச் சமநிலைச் சான்று கிடைக்குமா என்பதை எழுத்தில் உறுதிசெய்த பிறகே பணம் கட்டுங்கள்.

சம்பள உயர்வை மட்டும் நினைத்து இந்தப் படிப்பில் சேர்ந்தால் ஏமாற்றம் வரலாம். தான் தினமும் செய்யும் வேலை என்ன, அது யாருக்காக என்பதைத் தெரிந்துகொள்ள விரும்பிச் சேர்கிறவருக்குப் பலன் முதல் புத்தகத்திலேயே தொடங்கிவிடும். ‘நாளைக்கு வா’ என்று திருப்பியனுப்ப வேண்டிய மாணவர் ஒருவரை, விதியை எடுத்துக் காட்டி, அன்றே வேலையை முடித்துக்கொடுத்து அனுப்ப முடிந்தால், கட்டிய கட்டணம் வசூலானதாகவே வைத்துக்கொள்ளலாம்.